என்ஜினை இறக்க வேண்டாம்

பழைய வோல்கா கார் உயிர் பெற்று ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், என்ஜின் தட்ட ஆரம்பித்தது.

முதலில் அதைக் கேட்டவன் திலெக். ஓஷ் பஜார் சிக்னலில் வண்டி நின்றபோது, ஜன்னலை இறக்கிவிட்டுக் காது கொடுத்தான். "புருல், யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கே?" என்றான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் மனைவி தன் பக்கத்து ஜன்னலையும் இறக்கினாள். அவளுக்கும் கேட்டுவிட்டது. டொக், டொக், டொக் என்று, இரும்பின் மேல் இரும்பு விழும் கனமான சத்தம். வீடு போய்ச் சேரும்வரை அவள் முகத்தில் ஈயாடவில்லை.

தோக்மோக் ஊர்ப் பக்கத்தில் ஒரு கோழிக்கொட்டகையிலிருந்து மூன்று வருடங்களுக்கு முன்னால் இழுத்து வந்த வண்டி அது. பின்சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை இறக்கிவிட்டுத்தான் கயிறு கட்டினார்கள். துரு சுரண்டுவது, பட்டி பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் திலெக்கின் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார், பொறுமைசாலி. என்ஜின் புருலின் பொறுப்பு. தலைநகர் பிஷ்கெக்கின் கிழக்கு ஓரத்தில், நாற்பத்தாறு தையல் மிஷின்கள் ஓடும் ஆடைக்கூடத்தில் அவள் மெக்கானிக். மிஷின் நின்றால் தையல்காரிகள் கூப்பிடும் முதல் பெயர் அவளுடையதுதான். ஆனால் கார் என்ஜினைப் பிரித்துக் கோத்தது அவளுக்கு இதுவே முதல் தடவை. வண்டியை நிறுத்தி வேலை பார்த்த கராஜ் வரிசையில் அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வரிசையில் நாற்பது தகரக் கூரைகள். இரண்டு கதவு தள்ளி மெலிஸ் பைகேயின், அதாவது மெலிஸ் அண்ணனின் கராஜ். முப்பது வருடம் பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். அவர் சொன்னால் அந்த வரிசையில் அப்பீல் கிடையாது. அன்று மாலை புருலே அவரை அழைத்து வந்தாள். அவர் பானட்டுக்குள் தலையை விட்டார், அரை நிமிடம் கேட்டார், தானே ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

"தங்கச்சி, இனிமே இதை ஸ்டார்ட் பண்ணாதே. கன்ராட் பேரிங் போச்சு. இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினேன்னு வையி, ராடு பிளாக்கைக் குத்திக்கிட்டு வெளிய வந்து உனக்கு சலாம் போடும்."

"நாலு பேரிங்கையும் நானே அளந்து பாத்துத்தான் போட்டேன், பைகே."

"எதால அளந்தே? துணி அளக்கற டேப்பாலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, சொல்லிவிட்டார். ஆனால் புருலுக்குச் சுருக்கென்றது.

அவர்கள் போனபிறகு அவள் ஒரு சோதனை செய்து பார்த்தாள். என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். பேரிங் அடிவாங்கிய சிலிண்டரில் நெருப்பு நின்றால், பிஸ்டனைத் தாங்கும் அதன் ராடின் மேல் பாரம் குறைந்து சத்தமும் தணிய வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு ஒயருக்கும் என்ஜின் நொண்டியது. தட்டல் மட்டும் துளியும் மாறவில்லை. பேரிங் தேய்ந்திருந்தால் இறங்கியிருக்க வேண்டிய ஆயில் பிரஷர் முள்ளும் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் மெலிஸ் பைகேயிடம் போய்ச் சொன்னாள். அவர் சமோசாவைக் கடித்துக்கொண்டே கேட்டார். "பழைய என்ஜின். நாலும் ஒண்ணாத் தேஞ்சிருக்கும். அப்ப எதைக் கழட்டினாலும் ஒரே மாதிரிதான் கேக்கும். முள்ளா? அது நாப்பது வருஷ முள்ளு, பழக்கத்துல நின்னுட்டிருக்கும்."

சொல்லிவிட்டு அடுத்த சமோசாவை எடுத்தார். நாளோ குறைவு. வரும் ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு, பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, பூம் பள்ளத்தாக்கு வழியாக ஏரிக்கரைக்குப் போகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் நடப்பது. மூன்று வருடமும் இருவரும் அந்த நாளை நினைத்துத்தான் துரு சுரண்டினார்கள். என்ஜினை இறக்கினால் இந்த வருடம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆடைக்கூடத்தில் தையல்காரி குல்சுன் அக்கா முறை வைத்துக் கத்தினாள். "புருல் எஜே! என் மிஷின் சுத்தியலாட்டம் அடிக்குது, வந்து பாருங்க!"

புருல் போய் நின்றாள். மிஷினைத் தொடக்கூட இல்லை. "மெதுவா மிதி" என்றாள். ஊசி இறங்கி ஏறியது. ஒரு தையலுக்கு இரண்டு தட்டல்.

"கீழ்க் கொக்கி. மூடியைக் கழட்டு, நூல் சிக்கியிருக்கும்."

"எப்படி எஜே பாக்காமலே சொல்றீங்க?"

"ஊசி ஒரு தடவை போய்வர்றதுக்குள்ள கொக்கி ரெண்டு சுத்து சுத்திடும். தையலுக்கு ஒரு தட்டுன்னா மேல கோளாறு. ரெண்டு தட்டுன்னா கீழ கோளாறு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். குல்சுன் நிமிர்ந்து பார்த்தாள். புருல் திருப்புளியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றாள். கார் என்ஜினிலும் அப்படித்தானே! கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், மேலே வால்வுகளை ஆட்டும் கேம் ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்று. ராடும் பேரிங்கும் வேகமாகச் சுற்றும் தண்டின் சொந்தக்காரர்கள். வால்வும் அதைச் சேர்ந்தவையும் மெதுவாகச் சுற்றும் தண்டின் சொந்தக்காரர்கள். இத்தனை நாளும் அவள் சத்தம் எங்கே என்று தேடினாளே தவிர, எத்தனை என்று எண்ணவில்லை. பதினேழு வருடமாகத் தினமும் செய்கிற வேலையை, கராஜுக்குள் நுழைந்ததும் எப்படி மறந்தாள்?

வீட்டுக்குப் பறந்து வந்தவளை, திலெக் தலைகுனிந்தபடி வரவேற்றான்.

"புருல், கோவப்படாதே. ஞாயித்துக்கிழமை காலைல மெலிஸ் பைகே என்ஜினைத் தூக்கற செயின் பிளாக்கோட வர்றாரு. என்ஜினை இறக்கிடலாம்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"மூணு நாளா நீ சரியா சாப்பிடல. ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுக்கறே. அவரு முப்பது வருஷம் பாத்தவரு…"

"திலெக், நீ வகுப்புல பாடம் எடுக்கறப்ப நான் உள்ள வந்து, நாரின் ஆறு இந்தப் பக்கமா ஓடுதுன்னு போர்டுல மாத்தி வரைஞ்சா சும்மா இருப்பியா?"

"இருக்க மாட்டேன்" என்றான். "தப்புதான். இப்பவே போயி அவரை வர வேணாம்னு சொல்லிடறேன்."

கதவை நோக்கித் திரும்பியவனைப் புருல் தடுத்தாள். "வேணாம், வரட்டும். எல்லாரும் வரட்டும்."

ஞாயிறு காலை எல்லோரும் வந்தார்கள். மெலிஸ் பைகேயும் இரண்டு ஆட்களும் செயின் பிளாக்கைத் தூக்கி வந்தார்கள். வேடிக்கை பார்க்க வரிசையில் பாதிப்பேர், கையில் தேநீர்க் கிண்ணத்தோடு. ஒருவர் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

"பைகே, பத்து நிமிஷம்" என்றாள் புருல். "அதுக்கப்புறமும் இறக்கணும்னு நீங்க சொன்னா, நானே சங்கிலியைப் பிடிச்சு இழுக்கறேன்."

"பத்து என்ன, பதினஞ்சே எடுத்துக்கோ. என்ஜின் எங்கயும் ஓடிப்போகாது. ஓடற நிலைமையிலயும் அது இல்ல" என்றார் அவர். மறுபடி சிரிப்பு.

அவள் டைமிங் லைட்டை எடுத்து, அதன் கவ்வியை முதல் சிலிண்டரின் பிளக் ஒயரில் மாட்டினாள். அந்த பிளக் பொறி விடும் ஒவ்வொரு தடவையும் விளக்கு ஒருமுறை மின்னும். என்ஜினைக் கிளப்பி, நின்றுவிடுமோ என்கிற அளவுக்கு வேகத்தைக் குறைத்தாள். டொக், டொக், டொக். விளக்கை மெலிஸ் பைகேயின் உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தாள். கராஜின் அரையிருட்டில் அந்தப் பெரிய கை பளிச் பளிச்சென்று வெளுத்தது.

"முதல் பிளக் எத்தனை சுத்துக்கு ஒரு தடவை பொறி விடும், பைகே?"

"கிராங்க் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை. இது என்ன பரீட்சையா?"

"ஆமா. இப்ப வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டே சத்தத்தைக் கேளுங்க. ஒரு மின்னலுக்கு எத்தனை தட்டு?"

அவர் கண்ணைக் கையின்மேல் நிறுத்தினார். மின்னல், தட்டு. மின்னல், தட்டு. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு" என்றார் மெல்ல.

"பேரிங்கா இருந்தா?"

"ரெண்டு கேக்கணும்" என்றார் அவர். குரலில் கிண்டல் இல்லை. "சுத்துக்கு ஒண்ணா, ரெண்டு. அப்ப இது கேம் பக்கத்துச் சத்தம். வால்வைப் பாத்தியா?"

"நேத்து மூடியைக் கழட்டி எட்டையும் மறுபடி அளந்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. அந்தத் தண்டுல மிச்சம் என்ன தொங்குது?"

இருவரும் ஒரே நேரத்தில் என்ஜினின் இடப்பக்கம் குனிந்தார்கள். புருல் நீளமான திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, முனையைக் கீழே, அதே கேம் ஷாஃப்ட் ஆட்டும் பெட்ரோல் பம்பின்மேல் அழுத்தினாள். தட்டல் மண்டைக்குள் இறங்கியது. திருப்புளியை அவரிடம் நீட்டினாள். அவரும் வைத்துக் கேட்டார். புருவம் மேலே போனது.

"இந்த பம்ப் எப்ப மாட்டினே?"

"என்ஜினைக் கோக்கறப்பதான். பழசுல உள்ள இருக்கற ரப்பர் தோல் கிழிஞ்சிருந்துச்சு. இது புதுசு, பஜார்ல வாங்கினது. பெட்டியில பேரும் இல்ல, ஊரும் இல்ல."

"என்ஜின் முழுக்க ஒவ்வொண்ணா அளந்து போட்டவ, இதை மட்டும் நம்பிப் போட்டியா?"

"அதான் எம்மேலயே எனக்குக் கோவம்."

அவள் என்ஜினை அணைத்துவிட்டு பம்பைக் கழற்றினாள். அது இருந்த ஓட்டையை மூட, பிஸ்கட் டின் மூடியை அளவாக வெட்டி வைத்திருந்தாள். அடியில் ரப்பர் வைத்து இறுக்கினாள். திலெக் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலை நிரப்பி, பானட்டின் கொக்கியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டான். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் நேராகக் கார்புரேட்டருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த ஆளுக்கு மருந்து ஏற்றுவது போல இருந்தது.

"கூட்டமா நின்னு மூச்சு விடாதீங்கப்பா, பேஷண்டுக்கு ஆகாது" என்றார் போர்சோக் பைக்காரர்.

புருல் உட்கார்ந்து சாவியைப் பிடித்தாள். திருப்பினாள்.

என்ஜின் ஒருமுறை இருமியது, பிடித்துக்கொண்டது. அதன்பிறகு சீரான உறுமல் மட்டும். அவள் மிதித்தாள், ஏறியது. விட்டாள், இறங்கியது. கதவைத் தட்டிய ஆள் போய்விட்டான். தேநீர்க் கிண்ணத்தை யாரோ தகரப் பெட்டியின்மேல் வைத்த ஓசைகூடத் தனியாகக் கேட்டது.

பிறகு திலெக் "ஏய்ய்!" என்று வகுப்பறைப் பையனைப் போலக் கத்தினான். வரிசை முழுவதும் ஆரவாரம் பரவியது. செயின் பிளாக்கைத் தூக்கி வந்த ஆள், "அப்ப இதை நாங்க திரும்பவும் சுமக்கணுமா?" என்று புலம்பியதை யாரும் காதில் வாங்கவில்லை.

மெலிஸ் பைகே கழற்றிய பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேம் ஷாஃப்டின்மேல் படியும் சின்ன நெம்புகோல் அவர் விரலில் கடகடவென்று ஆடியது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங்கை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளங்கையில் இரண்டு துண்டுகள் விழுந்தன.

"இவ்வளவுதான்" என்றார். "இது ஒடைஞ்சதுல அந்தக் கோல் கேம்மேல தொப்பு தொப்புனு விழுந்திருக்கு. இதுக்குப் போயி நான் என்ஜினையே இறக்கப் பாத்தேன்." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "நான் சொன்னது தப்பு. இந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. டிப்போல நான் எத்தனை என்ஜினை வீணா இறக்கியிருப்பேனோ, அதை மட்டும் யாரும் கேக்காதீங்க."

பழைய பம்பின் ஸ்பிரிங் நல்ல எஃகு, உறுதியாக இருந்தது. அதைப் புதியதில் பொருத்த அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பொருத்தியவர் மெலிஸ் பைகே. திருகாணிகளை எடுத்துக் கொடுத்தவள் புருல். அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது.

அடுத்த ஞாயிறு பதினெட்டு வண்டிகள் கிளம்பின. பூம் பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று வண்டியைக் கையால் பிடித்துத் தள்ளுவது போல அடித்தது. ஏற்றத்தில் இரண்டு வண்டிகள் கொதித்து ஓரம் கட்டின. வோல்கா மூன்றாம் கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. திலெக் வழியெல்லாம் வெப்ப முள்ளையும் பிரஷர் முள்ளையும் மாறி மாறிப் பார்த்து அறிவித்துக்கொண்டே வந்தான். கடைசியில் புருல், "முள்ளை விட்டுட்டு வெளிய பாரு வாத்தியாரே, மலை அழகா இருக்கு" என்றாள். வாய்விட்டுச் சிரித்தாள். என்ஜின் தட்ட ஆரம்பித்ததிலிருந்து அவன் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கவில்லை.

ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் கரையோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. தண்ணீர் கண் கூசும் நீலம். அக்கரையில் மலைகளின்மேல் இன்னும் பனி. புருல் வண்டியின் முன்பக்கம் சாய்ந்து நின்று, காகிதத்தைப் பிரித்துப் புகையில் வாட்டிய மீனை எடுத்தாள். ஒரு வாய்கூட வைக்கவில்லை, பச்சை மாஸ்க்விச் காரின் சொந்தக்காரர் தயங்கியபடி வந்து நின்றார்.

"எஜே, உங்களைப் பத்திச் சொன்னாங்க. என் வண்டில ஒரு கீச்சுச் சத்தம், திரும்பறப்ப மட்டும்…"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், பானட்டைத் திறந்து வைத்துவிட்டே வந்திருந்தார்கள்.

மெலிஸ் பைகே குறுக்கே புகுந்து, மூவரையும் கையை விரித்துத் தடுத்தார். "வரிசையில நில்லுங்கப்பா. அவங்க மொதல்ல சாப்பிடட்டும்."

புருல் மீனைப் பிட்டு ஒரு துண்டைத் திலெக்கிடம் நீட்டினாள். மெதுவாக, ருசித்து, முள் எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு விரல்களைத் துடைத்துக்கொண்டு, "சரி, யாரோடது மொதல்ல?" என்றாள்.