எதிரொலிக்கு வாடகை

அந்தப் பழைய தானியக் கிடங்கின் எதிரொலிக்கு ஒரு மாலை வாடகை எண்பதாயிரம். கல்லும் கூரையும் சேர்ந்து வயலின் ஒலியை இரண்டரை நொடி தாங்கிப் பிடிக்கும். புது மண்டபம் எதிலும் அது கிடைக்காது என்று சொல்லிச் சொல்லியே மேனேஜரம்மா விலையை ஏற்றியிருந்தாள்.

கூரை வளைவில் விரிசல் கண்டபோது ஆறு மாதம் மூடச் சொன்னார் இன்ஜினியர். அவள் இரண்டு என்றாள், பிறகு ஒன்று என்றாள். கடைசியில் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டை ஒட்டுவதோடு பேரத்தை முடித்தாள். வளைவு அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

இன்று முதல் உருப்படி முடிந்து கைதட்டல் ஓயும்போது, கொத்தனாரான கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான்.

"அண்ணி, கண்ணாடி போச்சு."

"கீறல்தானே?"

"ரெண்டு துண்டு. இதுலயும் பேரமா? மேலேர்ந்து மண்ணு கொட்டுது."

உள்ளே இருநூற்றுப் பதினான்கு பேர், மேடையில் நால்வர். வாசலோ பின்புறம் ஒன்றே, அதுவும் ஒரு மூட்டை நுழையும் அகலம். 'கூரை' என்று வாயைத் திறந்தால், அது விழுமுன் மிதிபட்டே சாவார்கள்.

மேடையேறினாள்.

"மீதிக் கச்சேரி முற்றத்துல. பின்னாலேர்ந்து ஒவ்வொரு வரிசையா நடந்து போங்க. வரிசை கலையாம போனா டிக்கெட் காசு முழுசும் வாபஸ். ஒருத்தர் முண்டினாலும் யாருக்கும் சல்லிக்காசு கிடையாது!"

"முழுசுமா?" என்றார் முன்வரிசைத் தொப்பைக்காரர்.

"முழுசும்தான். உக்காருங்க, உங்க முறை கடைசி."

ஒருவரை ஒருவர் போலீஸ்காரர் மாதிரி முறைத்துக்கொண்டே நகர்ந்தார்கள். அவள் வாசலில் நின்று எண்ணினாள். நூற்றுப் பத்து. எங்கோ கல் முனகியது. நூற்றெண்பது. கழுத்தில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. துடைக்கவில்லை, துடைத்தால் எல்லோரும் மேலே பார்ப்பார்கள்.

கடைசியாக, வாத்தியக்காரர்களைக் கொழுந்தன் தள்ளிக்கொண்டு வந்தான். ஆளுயர வயலின் போன்ற செல்லோவை வாசிப்பவர், முற்றத்தில் கால் வைத்ததும் திரும்பினார். கையில் வில் மட்டும் இருந்தது.

"என் செல்லோ உள்ள இருக்கு!"

அவள் அவர் சட்டையைப் பிடித்தாள். "என்ன விலை?"

"விலையே கிடையாதும்மா. மூணு தலைமுறை வாத்தியம்!"

"அப்ப பேச ஒண்ணுமில்ல. நில்லுங்க."

அவர் திமிறினார், சட்டை கிழிந்தது. கொழுந்தன் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். உள்ளே வளைவு இடிந்து இறங்கியது.

தூசி அடங்கியபின் அவள் தலைகளை மறுபடி எண்ணினாள். டிக்கெட் கட்டின் பின்னட்டையில் எழுதினாள்: ஆட்கள் இருநூற்றுப் பதினெட்டு, கணக்கு நேர். செல்லோ ஒன்று, பாக்கி.