செருப்புக் கடைக்கு இரண்டு பூட்டு

கடைத்தெருவின் நடுவில் அந்தச் செருப்புக் கடை பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. ஷட்டரின் இடது பக்கம் அக்காவின் பூட்டு, வலது பக்கம் தம்பியின் பூட்டு. அப்பா போனபின் கடையை விற்றுவிடலாம் என்றான் தம்பி. கூடவே கூடாது என்றாள் அக்கா. பேச்சு முற்றி, ஆளுக்கொரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனவர்கள்தான். ஒரே ஊரில் இருந்தும் அதன்பின் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதற்கிடையில் ஊருக்கு வெளியே பெரிய அங்காடி ஒன்று வந்து கூட்டத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது. துணிக்கடை போயிற்று, வங்கி போயிற்று. பொழுது சாய்ந்தால் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. மூடிய கடைகளை எப்படியாவது திறக்கவைக்கும் வேலையை நகராட்சி ஓர் அம்மாளிடம் ஒப்படைத்தது. தெருக்காரர்கள் அவருக்குப் பூட்டம்மா என்று பெயர் வைத்தார்கள்.

சமையலறையிலேயே நாற்காலி போட்டுப் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி செருப்புக் கடையைக் கேட்டாள். பூட்டம்மா முதலில் அக்காவிடம் போனார். அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"அவன் முதல்ல திறக்கட்டும். மறு நிமிஷம் நான் திறக்கறேன்."

தம்பி பஸ் ஓட்டுநராக இருந்தவன். "அவங்கதானே பெரியவங்க? அவங்க திறக்கட்டும்" என்றான்.

பூட்டம்மா விடவில்லை. இங்கே ஒரு நடை, அங்கே ஒரு நடை. கடைசியில் ஒரு நாள் தம்பி வீட்டு வாசலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்தே என் செருப்பு தேஞ்சுபோச்சு. புதுசு வாங்கலாம்னா, அந்தக் கடையும் பூட்டியிருக்கு!"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் வீம்பு பிடிக்க முடியவில்லை. "சரி, வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லுங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் பூட்டம்மாவும் முடி வெட்டுகிறவளும் பக்கத்தில் நிற்க, தம்பி தன் பூட்டைத் திறந்தான். அக்காவின் சாவி திரும்பவில்லை. அவளிடமிருந்து வாங்கி, எண்ணெய் விட்டு, மெல்ல ஆட்டி அதையும் அவனே திறந்தான். துருவேறிய ஷட்டரை இருவருமாகப் பிடித்துத் தூக்கினார்கள். தோலும் பசையும் கலந்த வாடை வந்தது. கூடவே ஒரு கூடை தூசி அக்காவின் தலையில் கொட்டியது. இருமிக்கொண்டே தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினாள்.

தம்பி அப்படியே நின்றுவிட்டான். இடுப்புவரை பின்னல் போட்டிருந்தவளின் தலையில் இப்போது பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல் வெள்ளையாக, விரற்கடை அளவுக்குத்தான் முடி இருந்தது.

"என்னக்கா இது?"

"மார்புல ஒரு கட்டி. எடுத்தாச்சு. மருந்துல முடி போச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கேன்."

"எப்போ?"

"போன வருஷம்."

"கூட யாரு இருந்தா?"

அக்கா முடி வெட்டுகிறவளை மோவாயால் காட்டினாள். "கொத்துக் கொத்தா கொட்ட ஆரம்பிச்சப்போ இவதான் வந்து மழிச்சுவிட்டா. முடிச்சுட்டு என்னைக் கட்டிக்கிட்டு ஒரே அழுகை. நான்தான் டீ போட்டுக் கொடுத்துத் தேத்த வேண்டியதாப் போச்சு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பே. பரிதாபப்பட்டு வந்து, கடையும் உன் இஷ்டம்னு சொல்லியிருப்பே. அப்படி ஜெயிக்க எனக்கு மனசு வரலைடா."

அந்த 'டா'வைக் கேட்டதும் தம்பியின் கண் நிறைந்துவிட்டது. மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தான். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினான். முடி வெட்டுகிறவள் துடைப்பத்தை வாங்கப் போனாள். பூட்டம்மா வேண்டாம் என்று கண்ணால் நிறுத்தினார்.

மறுநாளிலிருந்து தம்பி அங்கேயே கிடந்தான். ஒழுகின கூரையைச் சரிசெய்தான், சுவருக்கு வண்ணம் அடித்தான். முடி வெட்டுகிறவளின் நாற்காலி கடைக்குள் வந்தது; செருப்பு அடுக்கிய தட்டுகளில் இப்போது துண்டுகள் மடித்து வைக்கப்பட்டன. விற்கிற பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

ஒரு கடையில் விளக்கெரிந்ததும் பக்கத்துக் கடையைச் சைக்கிள் பழுது பார்ப்பவர் எடுத்தார். எதிரே ஒரு தையல்காரி வந்தாள். வங்கிக் கட்டடம் மட்டும் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. பூட்டம்மா அதன் சொந்தக்காரரை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறார்.

தம்பி தினமும் கடைவாசல் பெஞ்சில் வந்து உட்காருவான்.

"வழுக்கைத் தலையை வச்சுக்கிட்டு இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"எங்க அக்காவுக்கு முளைக்குதுல்ல, அதைப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பான்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அக்கா முதன்முறையாக அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். முடி காதை மூடத் தொடங்கியிருந்தது.

"காதுகிட்ட மட்டும் லேசா எடு."

கத்தரிக்கோலைப் பார்த்ததும் தம்பி எழுந்து உள்ளே வந்தான். "ஏம்மா, ரொம்ப எடுத்துடாதே."

"நீ சும்மா உக்காருடா" என்றாள் அக்கா.

அவன் ஒரு ஸ்டூலை இழுத்து, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.