பக்கத்து வகுப்பு

லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோசிகா பல வருடமாக வரலாறு படிப்பித்து வந்தாள். அமெரிக்காவில் தொழிற்சாலைகள் முளைத்தது, நகரங்கள் வீங்கியது, கப்பல் கப்பலாகக் குடியேறிகள் வந்திறங்கியது எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பிள்ளைகள் நல்ல புள்ளிகள் எடுத்தார்கள். பாடத்தின் நடுவே அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை அவள் பெரிதாக எடுத்ததில்லை, தர்மிகா வரும்வரை.

தர்மிகா பாரிஸில் வளர்ந்த இளம் ஆசிரியை. செப்டெம்பரில் பக்கத்து வகுப்புக்கு வந்தாள். நியூயோர்க்கில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அறையின் அளவுக்குத் தரையில் டேப் ஒட்டி, ஒன்பது பிள்ளைகளை அதற்குள் விட்டாள். ஒருத்தி சமைக்க வேண்டும், ஒருத்தன் தைக்க வேண்டும், இரவு வேலை முடித்து வந்தவன் அதற்குள்ளேயே உறங்க வேண்டும். மத்தியானம் கன்டீன் முழுக்க அதே பேச்சு. கோசிகாவின் கெட்டிக்கார மாணவன் பிரவின், தன்னை அந்த வகுப்புக்கு மாற்றிவிட முடியுமா என்று அவளிடமே வந்து கேட்டான். அவளுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் அந்த வகுப்பிலிருந்து ஆரணி என்ற பிள்ளை அழுதுகொண்டு வெளியே ஓடினாள். கொரிடோரில் நின்ற கோசிகாவுக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, சந்தோஷம். பிள்ளையின் பின்னால் போகாமல் நேரே துறைத் தலைவியிடம் போனாள். இப்படி நாடகம் போட்டால் பிள்ளைகளின் மனம் உடைந்துபோகும் என்றாள். தரையிலிருந்த டேப்பை உரித்தார்கள். அந்த வகுப்புக்கு மீதிப் பாடத்தைக் கோசிகாவே எடுக்கட்டும் என்று முடிவாயிற்று.

யார் சொன்னது என்று தர்மிகாவுக்குத் தெரியாது. "நீங்கள் எடுக்கிறது எனக்கு ஆறுதல், அக்கா," என்றாள். "ஆரணியை மட்டும் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ."

முதல் பாடம் முடிந்து மற்றவர்கள் போனதும் ஆரணி மேசையருகே வந்து, மிஸ் தர்மிகா ஏன் வரவில்லை என்று கேட்டாள். நீ அழுததால்தான் என்று கோசிகா சொன்னாள். பிள்ளை திகைத்துப்போனாள்.

"நான் பாடத்தால அழேல்லை, மிஸ். நாங்களும் வீடில்லாதவைக்குக் கவுன்சில் தந்த ஒரு அறையிலதான் நாலு பேர் இருக்கிறம். ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அண்டைக்கு டேப்புக்குள்ள நிக்கேக்க சொல்லிப்போட்டன். பிறகு வெக்கம் வந்திட்டுது. மிஸ் தர்மிகாதான் வெளியில வந்து என்னோட இருந்தவ."

கோசிகா இத்தனை வருடத்தில் தன்னிடம் படித்த ஒரு பிள்ளையாவது இப்படி ஒன்றைச் சொன்னதுண்டா என்று யோசித்துப் பார்த்தாள். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. பிரவின் கேட்டதைவிட அது அதிகமாகச் சுட்டது.

அன்று பின்னேரமே துறைத் தலைவியிடம் திரும்பப் போய், தான் விசாரிக்காமல் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஏன் அவசரப்பட்டாய் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

வகுப்பு தர்மிகாவிடம் திரும்பிப் போனது; பிரவினும் கூடவே போனான். சிகாகோ நகரம் வளர்ந்த கதையை எடுக்கும் நாளில் வந்திருந்து பார்க்கும்படி தர்மிகா கூப்பிட்டாள். கோசிகா போய்ப் பின்வரிசையில் இருந்தாள். பிழை தேடினாள். ஒரு வருடத்தைத் தர்மிகா மாற்றிச் சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. பாடம் முடிந்து, எப்படி இருந்தது என்று தர்மிகா கேட்டாள்.

"நல்லாயிருந்தது," என்றாள் கோசிகா. அது உண்மை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.