பின்கட்டில் வைத்த மைக்

என் வீட்டுக்காரர் பொம்மையனுக்குத் தென்னை மரம் ஏறத் தெரியும், உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டத் தெரியும், ஆம்ப்ளிபயரின் வால்யூம் குமிழைக் கடைசி வரைக்கும் முறுக்கத் தெரியும். ரேடியோ செட்டுத் தொழிலில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள நான் படிக்கப் போனேன்.

இது அறுபத்தொன்று, அறுபத்திரண்டு வாக்கில் நடந்தது. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்த அருளப்பன் சார், நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையை ஒட்டின கொட்டகையில் ஒலிபெருக்கிப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்திருந்தார். அந்தப் பக்கம் பட்டறையில் தகட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பக்கம் இவர் சத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்துவார். வேறு இடம் கிடைக்கவில்லையா சார் என்று கேட்டதற்கு, "இந்தச் சத்தத்துலயும் நான் சொல்றது உங்களுக்கு வெளங்குனாத்தான் நான் வாத்தியார்" என்றார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். ஆனால் கோபம் மட்டும் எண்பது வயதுக்காரருக்கு உள்ளது.

வகுப்பில் சேர வேண்டியது என் வீட்டுக்காரர்தான். அவர் கையில் ஆம்ப்ளிபயர் வால்வுகள் எரிந்தெரிந்து பொரிகடலை மாதிரி தீர்ந்துகொண்டிருந்தன. ஆனால் அவரோ, "ரேடியோ செட்டுக்காரனுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? நீ போயிக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று என்னை அனுப்பிவிட்டார். நான் போனேன், கேட்டேன், வந்தேன். அவர் ஒரு நாளாவது என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தால் நான் பெருமாயி இல்லை. பாட்டரி தூக்குவதும் ரிக்கார்டு மாற்றுவதும் முன்பே என் வேலைதான். இப்போது ஆம்ப்ளிபயர் முன்னால் உட்காருவதும் என் வேலையானது. ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அருளப்பன் சாருக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் மேல் தீராத கோபம் ஒன்று இருந்தது. மைக்கைக் கண்டால் எல்லாரும் கத்துகிறார்கள் என்பதுதான் அது. எங்கள் ஊர்களில் அப்போது எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். மைக் என்றால் வாயை அதன் மேல் வைத்து அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், கத்தினால்தான் அது வாங்கிக்கொள்ளும், மெல்லப் பேசினால் அதற்குள் போகாது. படித்தவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள், படிக்காதவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள்.

"மைக்குங்கிறது ஒரு காது. காதுக்குள்ள வாயை வச்சுக் கத்துவீங்களா? ஒரு சாண் தள்ளி நின்னு பேசுங்க. அது மூச்சு விடுறதையே கேக்கும்" என்பார் சார். வால்யூமைப் பாதிக்கு மேல் முறுக்கினால் கூடுவது கரகரப்புதான் என்பார். குழாயின் வாய்க்கு முன்னால் மைக்கை வைத்தால் ஊளையிடும், குழாய்க்குப் பின்னால் வை என்பார். ஒருவரைக் கொட்டகைக்குள் பேசவிட்டு, மற்றவர்களைத் தெருக்கோடியில் நிறுத்தி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வார். சத்தம் கேட்டது சார் என்று சொன்னால் போதாது. என்ன பேசினார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் தெருக்கோடிதான். எனக்கு அந்த வகுப்பு ரொம்பப் பிடித்திருந்தது. சமையல்கட்டை விட்டு வெளியே வந்து ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வதில் இருக்கிற சந்தோஷத்தை நான் வேறெதிலும் கண்டதில்லை.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் மேலக்குளத்திலிருந்து ஒரு சடங்கு வீட்டு வேலை வந்தது. தங்கமுத்து என்பவர் மகள் கண்ணம்மாள் பெரிய மனுஷியாகியிருந்தாள். விடிந்ததும் மாட்டு வண்டியில் சாமான்களோடு போய் இறங்கினோம். தங்கமுத்து எங்களுக்குக் காப்பி கொடுக்கும் முன்பே கையை நீட்டிக் கிழக்கே காட்டினார்.

"ரெண்டு குழாயும் கீழக்குளத்தைப் பாத்து இருக்கணும் பொம்மையா. வெச்ச சத்தத்துல அங்க ஒருத்தன் காது கிழியணும்."

காது கிழிய வேண்டிய அந்த ஒருத்தர் யார் என்று செத்த நேரத்தில் தெரிந்துவிட்டது. தங்கமுத்துவின் சம்சாரம் அய்யம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் ஒச்சப்பன், வறண்ட குளத்துக்கு அந்தப் பக்கம் கீழக்குளத்தில் இருக்கிறார். பொதுக் கிணற்றில் கமலை கட்டித் தண்ணீர் இறைக்கும் முறையில் தகராறு வந்தபோது தங்கமுத்து அவரைப் பார்த்து, "என் வீட்டுச் சோத்துக்கு அலையிறவன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஒச்சப்பன் போய்விட்டார். சடங்குக்குத் தாய்மாமனைப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். தங்கமுத்து போகவில்லை. புருஷன் இல்லாமல் அய்யம்மாள் தனியாகப் போக முடியாது.

தாய்மாமன் கொண்டுவரும் சேலையைக் கட்டித்தான் பெண்ணைப் பலகையில் உட்கார வைப்பார்கள். மாமன் உயிரோடு இருக்க, அவர் சேலை இல்லாமல் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணைக் காலத்துக்கும் பேசுவார்கள். வேறொரு சேலை எடுத்து வைத்திருப்பதாகத் தங்கமுத்து பெருமையாகச் சொன்னார். உள்ளே கண்ணம்மாள் அதைத் தொடக்கூட மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் தென்னையில் ஏறி இரண்டு குழாயையும் கிழக்கே பார்த்துக் கட்டினார். மைக்கை வாசல் பந்தலில், குழாய்களின் வாய்க்கு முன்னால், கீழே வைத்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. "வாடகை குடுக்கிறவரு சொல்றதச் செய்வோம், நீ ரிக்கார்டைப் போடு" என்றார். போட்டேன். குமிழை அவரே வந்து கடைசி வரை முறுக்கினார். பாட்டா, தகரக் கொட்டகையில் மழையா என்று தெரியாத அளவுக்கு இரைச்சல். தங்கமுத்துவுக்கு ஒரே பூரிப்பு. அவரே மைக்கைப் பிடித்துக்கொண்டு கீழக்குளத்துக்கு என்னமோ கத்தினார். திட்டத்தான் கத்தினார் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மைக் ஊளையிட்டது. அவர் இன்னும் கத்த, அது இன்னும் ஊளையிட, பந்தலில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வார்த்தை யாருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு அந்த ஊளையை மாரியாத்தா அனுப்பினாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அய்யம்மாள் என்னிடம் வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"தாயி, இது எங்கண்ணனுக்குக் கேக்குமா?"

"சத்தம் கேக்கும்க்கா. சேதி கேக்காது."

"பேசுனா கேக்குமா? நான் பேசுனா?"

எனக்கு ஒரு நிமிஷம் பயமாகத்தான் இருந்தது. வேலை கொடுத்தவர் தங்கமுத்து. ஆனால் உள்ளே அந்தப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே. "கேக்க வைக்கிறேன்க்கா" என்றேன்.

தங்கமுத்து பந்தி வேலையைப் பார்க்கப் போன சமயம், ரிக்கார்டை நிறுத்திவிட்டு, மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்கட்டுக்குப் போனேன். மாட்டுத்தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் மைக்கை நிறுத்தினேன். குழாய்கள் வீட்டுக்கு முன்னால் கிழக்கே பார்த்து நிற்கின்றன. இனி ஊளைக்கு வேலையில்லை. ஆம்ப்ளிபயரையும் பின்பக்கத் திண்டுக்கு இழுத்து வைத்துக் குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்தேன். மேல்காற்று நல்லபடியாக அடித்தது. அது சிறுமலை இருக்கிற பக்கம் நோக்கி, குளத்தைத் தாண்டித்தான் போகும். என் வீட்டுக்காரர் வந்து, "அடியே, வாடகை போச்சு" என்று தலையில் கைவைத்தார். போனால் போகட்டும் என்றேன்.

அய்யம்மாள் மைக்கில் வாயை வைத்து, "அண்ணே!" என்று கத்தினார். தொழுவத்து மாடு மிரண்டது.

நான் அவரை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தேன். "கத்தாதீங்கக்கா. அண்ணன் இந்த அடுப்படியில உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்கங்க. சாப்பிட வரச் சொல்லுவீங்கள்ல, அப்படிப் பேசுங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு பேசினார்.

"அண்ணே, அய்யம்மா பேசுறேன். உன் மருமவ பெரிய மனுஷியாயிட்டா. வெத்தலை வைக்க நான் வரல, வர முடியல. உன் சேலை வந்தாத்தான் எந்திரிப்பேன்னு சுவத்தப் பாத்து உக்காந்திருக்கா. இலை போடல. நீ வாரவரைக்கும் போட விடமாட்டேன். அம்மா இருந்தா அவ வந்து உன்னக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருப்பா. இப்ப எனக்கு யாருண்ணே இருக்கா."

வாசல் பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகப் போகிறது என்று எனக்குக் குமிழின் மேல் இருந்த விரலிலேயே தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கக் கூடக் கையை எடுக்கவில்லை.

தங்கமுத்து ஓடி வந்தார். வந்த வேகத்துக்கு ஒயரைப் பிடுங்கி எறிவார் என்று நினைத்தேன். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மைக்கிலிருந்து ஓரடி தள்ளித்தான் நின்றார். அதை ஒருதரம் பார்த்தார். பிறகு, அதற்குள் போகக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். கத்தாதது மைக்கில் ஏறாது என்பதுதானே எல்லாரையும் போல அவர் நம்பிக்கை.

மைக் வேலை செய்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

"எதுக்குளா ஊருக்கு முன்னாடி அழுகுற? வாரதுன்னா வரட்டும், நானா வேணாங்கிறேன்? அன்னைக்குச் சொன்னது தப்புத்தான். வாய் தவறிப்போச்சு. அவரு போட்ட சோத்த நான் எம்புட்டு நாளு தின்னுருக்கேன்னு எனக்குத் தெரியாதா? வெத்தலைத் தட்டத் தூக்கிட்டுப் போகத்தான் நெனச்சேன். கால் வரல. அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

பின்கட்டில் நின்றவருக்கு அவர் குரல் அவர் குரலாக மட்டுமே கேட்டது. குழாயும் கிழக்கே பார்த்தது, காற்றும் கிழக்கேதான் போனது. பந்தலில் யாரோ ஒருவர் 'ஆகா' என்று சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, அது ஓடுதா?"

"ஓடுதுங்க."

"நான் மெல்லத்தானே பேசுனேன்!"

"மெல்லப் பேசுனாத்தாங்க நல்லாக் கேக்கும்" என்றேன். அருளப்பன் சார் அங்கே இருந்திருந்தால் பட்டாளத்து சல்யூட் ஒன்று அடித்திருப்பார். தங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தொழுவத்துக்குள் போய் மாட்டுக்குப் புல் எடுத்துப் போட ஆரம்பித்தார். மாடு தின்கிற நிலையில் இல்லை, அவரும் பார்க்கிற நிலையில் இல்லை.

நான் ரிக்கார்டு எதுவும் போடவில்லை. எல்லாரும் வீட்டுப் பக்கச் சந்தில் நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது. சமையல்காரர் வந்து சாம்பார் ஆறுகிறது என்றார். ஆறட்டும் என்றார் அய்யம்மாள். அப்புறம் குளத்துக் கரையில் முதலில் ஒரு தலை தெரிந்தது, அதன் பின்னால் பெண்கள் வரிசை தெரிந்தது. ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு தாம்பாளம்.

அத்தனை சீரையும் இந்தக் கொஞ்ச நேரத்தில் ஒருவர் வாங்கியிருக்க முடியாது. பழம், பூ, வளையல், மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை. மனுஷர் எல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ஒச்சப்பன் சொன்ன சொல்லுக்கு வாசலை மிதிக்காமல், வீட்டைச் சுற்றிப் பின்கட்டு வழியாகவே வந்தார். தொழுவத்து வாசலில் நின்று, "மாப்ள, கடைசியாச் சொன்னது காத்துல சரியாக் கேக்கல. இன்னொருக்காச் சொல்றீகளா?" என்றார்.

"ஒருக்காச் சொன்னதே ரெண்டூருக்கும் ஆகிப்போச்சு மச்சான், உள்ள வாங்க" என்றார் தங்கமுத்து, புல்லும் கையுமாக.

அய்யம்மாள் ஓடிவந்து அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். தங்கச்சியின் தலையைத் தடவிக்கொண்டே ஒச்சப்பன் ரொம்ப மெதுவாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பக்கத்திலேயே மைக் நின்றது.

குமிழை முழுக்கத் திருப்பி அணைத்துவிட்டேன்.