எண்பத்தொரு கட்டங்கள்

விடியற்காலை நான்கே முக்கால். மழை விடவில்லை. அடுத்தடுத்து நின்ற இரண்டு விமானங்களின் வயிற்றுக்கடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தோம்: ஒன்றில் நான், மற்றதில் பெரிய கேப்டன்.

கிளம்புமுன் விமானத்தை ஒருமுறை சுற்றி வரவேண்டும். டயரில் வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவவேண்டும். பிரேக் ஓரத்தில் ஒரு சின்ன ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் தேயத் தேய அது உள்ளே போகும். விளிம்போடு சமமாகிவிட்டால் வண்டி நகரக்கூடாது. மூக்கருகே வேகம் அளக்கும் குழாய்க்குள் குளவி மண் வைத்திருந்தால் மேலே போனபின் வேகமுள் பொய் சொல்லும். இதெல்லாம் கோ-பைலட்டின் வேலை. கேப்டன் உள்ளே நனையாமல் உட்கார்ந்திருப்பார்.

குனிந்திருந்த பெரிய கேப்டன் டயரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"முட்டி கத்துச்சே, கேட்டுச்சா?"

"இன்ஜின்னு நெனச்சேன் சார்."

"இன்ஜினுக்கு ஸ்பேர் கெடைக்கும்மா."

இன்னொரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கேப்டனாக இருந்தவர் அவர். அது இழுத்து மூடப்பட்டது. கொத்தனார் வேலை மாறினால் கரண்டி கூடவே வரும். விமானிக்கும் பறந்த மணிகள் கூடவே வரும், பணிமூப்பு மட்டும் வராது. சேர்ந்த தேதிதான் எண். எங்கள் கம்பெனியில் நாற்பத்தெட்டு கோ-பைலட்டுகள், அவர் நாற்பத்தெட்டாவது. 'பெரிய கேப்டன்' என்பது நாங்கள் பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் வைத்த பெயர்.

மாதக்கடைசியில், அடுத்த மாதத்துக்கு, ஒன்றாம் எண் தனக்குப் பிடித்த பணியிடத்தை எடுப்பார், பிறகு இரண்டாம் எண். மிச்சம் விழுவது கடைசிக்காரர்களுக்கு. இந்த மாதம் புதிதாக மூன்று இடங்கள் வந்திருந்தன, நான்கு மணி நேரப் பறப்புக்கு அப்பால் ஒரு சிறிய விமான நிலையத்தில். கடைக்கோடி என்றோம்; போனால் மாதம் முழுக்க அங்கேயே. ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு.

பெரிய கேப்டன் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டில் வேறு ஆள் கிடையாது. போகாவிட்டால் ராஜினாமா. வேறு வேலையா? ஐந்து கம்பெனிகளில் கேட்டுவிட்டார். அறுபத்தைந்தில் எல்லோருக்கும் கதவு அடைபடும். அவருக்கு அறுபத்திரண்டே முக்கால். ஆறு மாதம் பயிற்சி கொடுத்து இரண்டு வருடம்கூட ஓடாத ஆளை எவன் எடுப்பான்?

பட்டியலில் என் எண் இருபத்தொன்பது. யாரிடமும் சொல்லாமல் கடைக்கோடியில் ஓர் இடம் கேட்டு எழுதினேன். அவர் தப்பித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பட்டியல் வந்தது: இருபத்தொன்பது, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு.

தப்பித்தது நாற்பத்தாறு. கைக்குழந்தைக்காரன், பால்புட்டி என்று பெயர். ஓடிவந்து, "அக்கா, உங்க கால்ல விழணும்க்கா!" என்றான். என்ன சொல்வேன்? மேலேயிருந்து ஒருவர் இறங்கினால் கடைசி மூவரில் மேலே இருப்பவர்தான் விடுபடுவார். கடைசி ஆளை விடுவிக்க மூன்று இடமும் நிரம்பவேண்டும். எட்டு வருடம் பறந்தவளுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் பால்புட்டி தலையைச் சொறிந்தான். திருத்த இரண்டு நாள் இருந்தது. "அப்ப நானா கேட்டு வாங்கிக்கறேன். ஒரு மாசம்தானேக்கா, என் மாமியார் வருவாங்க" என்றான். நாற்பத்தேழு ஒண்டிக்கட்டை. "எனக்கென்ன, எங்க தூங்கினாலும் கொறட்டைதான்" என்று அவனும் எழுதிக் கொடுத்தான்.

பெரிய கேப்டன் முகம் சுண்டிப் போனது. "பிச்சை வேணாம்மா."

"பிச்சை இல்ல சார். முறை. எங்களுக்கும் ஒருநாள் இந்த நெலம வரும்."

ஒரு மாதம் நிரம்பியது. அதையும் சேர்த்து அவருக்கு மிச்சம் இருபத்தேழு மாதம். மாதம் மூன்று இடம், மொத்தம் எண்பத்தொன்று. ஆளுக்கு இரண்டு முறைகூட வராது. வெள்ளைத்தாளில் எண்பத்தொரு கட்டம் போட்டு ஓய்வறைச் சுவரில் ஒட்டினேன். அங்கேயே கூட்டம் கூட்டினேன்; வந்தவர்கள் பத்தொன்பது பேர். எங்கள் மூவரோடு சேர்த்து, கட்டத்தில் தம் எண்ணை எழுதியவர்கள் பதினொருவர்.

நாலாம் நம்பர் எழுந்தார். வயது ஐம்பத்தொன்று. "பதினெட்டு வருஷம் காத்துக் கெடந்து இந்த எடத்துக்கு வந்திருக்கேன். இத நான் ஏன் விடணும்?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மறுநாள் மேலாளர் என்னையும் பெரிய கேப்டனையும் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆளுக்கு ஆள் எடம் மாத்திக்க இது என்ன சினிமா தியேட்டரா?"

"உங்க விதிப்படிதான் சார் எழுதினோம்."

மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க வீட்டம்மாவ அங்கயே கூட்டிட்டுப் போயிடலாமே?"

"அங்க இருக்கறது ரெண்டு டயாலிசிஸ் மெஷின். ஏற்கெனவே பதினாலு பேர் காத்திருக்காங்க" என்றார் பெரிய கேப்டன். "அங்கயும் நான்தான் கடைசி."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதிய நான் மாத்தத்தான் போறேன்."

சாயங்காலமே அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் முதல் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் பணியிடத்தை நிர்வாகமே தீர்மானிக்கும்; பணிமூப்பு பொருந்தாது. எங்கள் கட்டங்கள் ஒரே வரியில் செல்லாக்காசாயின.

தாளைக் கிழித்துவிடலாமா என்று சுவர் முன்னால் நின்றேன். பெரிய கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தார். தேதி மட்டும் போடவில்லை.

நாலாம் நம்பர் உள்ளே வந்தார். அறிவிப்பின் நகல் கையில் கசங்கியிருந்தது.

"உங்க மூணு பேர் மாசத்துக்கு அடுத்த மாசத்துல எடம் காலியிருக்கா?"

"இருக்கு சார். ஆனா இனிமே இது செல்லாது."

"செல்லாதுன்னு எனக்குப் படிக்கத் தெரியும்மா. பேனாவக் குடு."

எழுதினார். எண்பத்தொன்றில் பன்னிரண்டு. பேனாவைத் திருப்பித் தராமல் பெரிய கேப்டன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கடுதாசிய மடிச்சு வைங்க சார். நாளைக்குக் காலைல மேலிடத்துக்குப் போய்க் கேப்போம். எத்தன பேர் வருவாங்க?"

"பன்னெண்டு" என்றேன்.

"பத்தாது."

"பத்தாதுதான்."

"என் போன்ல எனக்கு மேல இருக்கற மூணு பேரோட நம்பரும் இருக்கு" என்று சொல்லி அவர் ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவர் இரண்டாம் எண்ணை அழுத்தினார்.