அக்காவின் குரலில் பதினேழு பேர்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னால் ஒரு கை என்ன, இரண்டு கையையும் வைத்துச் சொல்லலாம். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. நர்ஸ் நடுவில் ஒரு தடவை தும்மினாள். கதைக்கு வேண்டாம் என்று அதை மட்டும் விட்டிருக்கிறது.

தம்பி தரையில் மண்டியிட்டு, அக்கா படுத்திருந்த கட்டிலின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தம்பி என்றால் அறுபத்தாறு வயதுத் தம்பி. லிஃப்ட் மெக்கானிக்காக நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரீச் என்ற சத்தம் எங்கே கேட்டாலும் அவருக்குப் பொறுக்காது.

"ஐயா, இந்தச் சக்கரம் இனிமே எங்க ஓடப்போகுது?" என்றாள் நர்ஸ். அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்தே அக்காவின் மூச்சு, நின்று நின்று மாடிப்படி ஏறுகிறவரின் மூச்சாகிவிட்டது.

"நேத்தும் போட்டாரு, முந்தாநாளும் போட்டாரு" என்றாள் தம்பியின் மனைவி, வாசற்படியில் நின்றபடி. "கேக்க வேண்டியதை உங்க அக்காகிட்ட கேக்காம, ரெண்டு மாசமா சக்கரத்துக்கிட்ட உக்காந்திருக்காரு. ஏங்க, சக்கரமா பதில் சொல்லும்?"

தம்பி நிமிரவில்லை. "உனக்கு அடுப்புல வேலை இல்லையா?"

"இருக்கு. அது பாட்டுக்கு வேகுது. நீங்கதான் வேக மாட்டேங்கிறீங்க."

அது வீட்டின் முன்அறை. அதில் ஒரு நோயாளி, ஒரு கட்டில்; மீதி இடமெல்லாம் லிஃப்ட். மடிப்புக் கதவுகள் இரண்டு, கப்பிகள் ஏழு, தூங்கும் பாம்பு மாதிரி சுருட்டிய கம்பி வடம், தரைத்தளம் முதல் ஒன்பதாம் தளம் வரை எண் போட்ட பித்தளைப் பொத்தான் பலகை ஒன்று. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

அக்கா மிஷனரி. கடல் தாண்டி, அப்புறம் மலையும் ஏறி, பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஓர் ஊரில் முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கரும்பலகையோடு வாழ்ந்தேன் என்பார். அவருக்கு ஒரு பழக்கம். எந்த வாக்கியத்தைத் தொடங்குவதற்கும் முன்னால் தொண்டையை இரண்டு தடவை செருமுவார். க்ஹும், க்ஹும். அப்புறம்தான் பேச்சு. மலை ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்குமுன் ஆங்கிலம் பேசும் ஆள் யாரையும் தெரியாது. செருமல் ஆங்கிலத்தைச் சேர்ந்தது என்றே எடுத்துக்கொண்டார்கள். எழுத்து எப்படியோ அப்படியே செருமலையும் பிசகாமல் கற்றார்கள். தலைமை மிஷனிலிருந்து சோதனைக்கு வந்த ஒரு துரை, முதல் பெஞ்சுப் பிள்ளையிடம் பெயர் என்ன என்று கேட்டார். பிள்ளை இரண்டு தடவை செருமிவிட்டுப் பெயரைச் சொன்னது. அடுத்ததும் அப்படியே. நாற்பத்துமூன்று பிள்ளைகளும் செருமி முடித்தபோது துரை பயந்துபோய் ஊர் முழுவதற்கும் தொண்டை மருந்து எழுதிக்கொடுத்தார். எழுதிக் கையெழுத்துப் போடும் முன் அவரும் இரண்டு தடவை செருமினாராம். கடைசிச் சில வருஷங்களில் அந்த மலையில் ஆடுகள்கூட ஒரு தடவையோடு கத்தி நிறுத்துவதில்லை, இரண்டு தடவைதான் என்று கேள்வி.

செருமலோடு குரலும் போயிற்று. அதாவது, பிள்ளைகளிடம் போயிற்று. ஆங்கிலம் என்றால் அந்தக் குரலில்தான் பேச வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

இந்தப் பக்கம் தம்பியின் கதை சிறியது. அம்மா இறந்தபோது அக்காவால் வர முடியவில்லை. பனி மலைப்பாதையை மூடிவிட்டது. பாதை திறந்தபோது அம்மாவைப் புதைத்து இருபது நாள் ஆகியிருந்தது. தம்பிக்குக் கோபம். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கோபம் வந்தால் சண்டை போடத் தெரியாது, உம்மென்று இருப்பார். அதனால்தான் அக்கா அவருக்கு உம்மு என்று பெயர் வைத்திருந்தார். மூன்று வருஷம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "உம்மு, உடம்பு தளர்ந்துவிட்டது. முன்அறையில் ஒரு கட்டில் போட இடம் இருக்குமா? நீ சரி என்று எழுதினால் வந்துவிடுகிறேன்."

தம்பி எழுதவில்லை. அந்த வாரமே, இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய கட்டடத்திலிருந்து லிஃப்ட் கதவுகளைக் கொண்டுவந்து முன்அறையில் சாய்த்து வைத்தார். அப்புறம் கப்பிகள். அப்புறம் வடம். அக்கா இன்னும் பதினோரு வருஷம் அங்கேயே பாடம் நடத்தினார்.

இரண்டு மாதத்துக்கு முன் மிஷன்காரர்கள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். பக்கவாதம். வலது கையும் குரலும் போயிருந்தன. எழுதவும் முடியாது, பேசவும் முடியாது. கப்பிகளைச் சுவரோரம் ஒதுக்கித்தான் கட்டில் போட்டார்கள். "அப்புறமா எடுத்துக்கலாம், கனமா இருக்கு" என்றார் தம்பி. அக்கா இரண்டு மாதமும் பொத்தான் பலகையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

மனைவி அடுப்படிக்குப் போனாள். நர்ஸ் கை கழுவப் போனாள். தம்பி எண்ணெய்க் குப்பியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"அக்கா" என்றார். "அந்த லெட்டர். மனசுல வச்சிருக்கியா?"

அக்கா அவரையே பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. போர்வையின்மேல் இடது கை விரல்கள் என்னவோ செய்தன. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துத் தம்பி ஸ்பூனால் கொடுத்தார். அது கடைவாய் வழியே வழிந்துவிட்டது. நர்ஸ் வந்து பார்த்தபோது மணி பதினொன்றே கால். மணிக்கட்டைப் பிடித்தாள், காதுக்குழாயை வைத்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தாள். வெள்ளைத் துணியால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டி வாயை மூடினாள். மனைவி அழுதுகொண்டே செல்போனில் போதகருக்குச் சொன்னாள். வேறு யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.

கூடத்துப் பழைய டெலிபோன் மணி அடித்தது.

தம்பி போய் எடுத்தார்.

"க்ஹும், க்ஹும்" என்றது டெலிபோன். அப்புறம் அக்காவின் குரல், ஆங்கிலத்தில், டீச்சரோடு பேசலாமா என்று கேட்டது.

தம்பி திறந்திருந்த கதவு வழியே முன்அறையைப் பார்த்தார். அக்கா வாய் கட்டிப் படுத்திருந்தார். நர்ஸ் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் லிஃப்டுக்குள் கற்றது. ஓவர்லோட், டோர் ஓப்பன், பவர் கட். அதிலே பொருத்தமானதைத் தேடி எடுத்து, "டீச்சர் அவுட் ஆஃப் ஆர்டர்" என்றார், மரியாதையாகவே. குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

வைத்த கை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. தம்பி பின்னால் நகர்ந்தார். மனைவி எடுத்தாள், கேட்டாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க. உங்க அக்கா லைன்ல இருக்காங்க."

"எந்த அக்கா?"

"உங்களுக்கு எத்தனை அக்கா?"

மூன்றாவது அழைப்பும் அக்காதான். நாலாவதும் அக்காதான், பின்னால் காற்று ஊளையிட்டது. ஐந்தாவது ஆண்பிள்ளையாக இருந்திருக்க வேண்டும், யாரோ குழந்தை பக்கத்தில் அப்பா அப்பா என்று இழுத்தது புரிந்தது. ஆனால் குரல் அக்காவுடையது. எல்லாமே இரண்டு செருமல், ஒரு கேள்வி. நர்ஸ் எழுந்து போய்க் காதுக்குழாயை மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, நான் இருபது வருஷ சர்வீஸ். போனவங்க போனவங்கதான்" என்றாள் திரும்பி வந்து. அடுத்த மணி அடித்ததும், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுறேன்" என்று மறுபடி போனாள். ஒன்பதாவது அழைப்புக்குள் நாற்காலியை வாசற்படியில் போட்டுக்கொண்டாள். அங்கிருந்து கட்டிலும் தெரிந்தது, டெலிபோனும் தெரிந்தது. இரண்டில் எதற்கும் முதுகைக் காட்டவில்லை.

போதகர் வந்தபோது பதினாலாவது மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் நல்ல ஆங்கிலம் தெரிந்தவர், தைரியசாலி என்று பெயர். ரிசீவரை வாங்கிப் பேசினார். முகம் தெளிந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல அண்ணே. டீச்சரோட பழைய மாணவங்க. அவங்ககிட்டயே படிச்சதால அவங்க மாதிரியே பேச்சு வந்துருச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே" என்றாள் மனைவி. "நான் என்னமோ ஏதோன்னு."

போதகர் இன்னும் ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க இவங்களுக்குத் தகவல் சொன்னீங்களா?"

"இல்லையே. உங்களுக்கு மட்டும்தான்."

"பதினொண்ணே காலுக்கு டீச்சர் வகுப்புக்கு வந்தாங்களாம். இன்னைக்குப் பாடம் முடிஞ்சது, போகலாம்னு சொன்னாங்களாம். எல்லாரும் எழுந்து நின்னாங்களாம்."

நர்ஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவங்க ஊர் மணியா, நம்ம ஊர் மணியா?" என்றாள் மனைவி.

போதகர் தண்ணீர் கேட்டார்.

பதினைந்து, பதினாறு வந்து போயின. பதினேழாவது அடித்தபோது தம்பி எல்லாரையும் விலக்கிக்கொண்டு போய் எடுத்தார். இரண்டு செருமல் கேட்டது. குரல் தொடங்கும் முன் அவர் தொடங்கிவிட்டார். ஆங்கிலத்துக்கு அவர் முயலவில்லை.

"அக்கா. நான்தான் பேசுறேன். நீ வரட்டுமான்னு கேட்ட. நான் பதில் போடல. வேணும்னுதான் போடல. ரூம்ல தகரத்தை நிரப்பி வச்சேன். மனசுல வச்சிருந்தியா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடு."

மறுமுனையில் காற்று மட்டும் கேட்டது. பிறகு அக்காவின் குரல், மிக நிதானமாக, தயக்கத்தோடு கேட்டது: "உம்மு?"

ரிசீவர் தம்பியின் காதிலேயே இருந்தது. போதகர் ஓடிவந்து மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டார். குரல் மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கியது. அது ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்ல, போதகர் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

"என் தம்பியின் பெயர் உம்மு. உம்முவுக்கு ஒரு வீடு இருக்கிறது. வீட்டில் ஒரு முன்அறை இருக்கிறது. முன்அறையில் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் இருக்கின்றன. அது என் அறை. உம்மு தினமும் அதைப் பெருக்கி வைக்கிறான்."

போதகர் நிறுத்தினார். "முதல் பாடமாம் அண்ணே. அங்க எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் முதல் பாடமாம்."

"எப்போ படிச்சதுன்னு கேளுங்க."

"எதுக்கு அண்ணே?"

"கேளுங்க ஐயா."

போதகர் கேட்டார். "இந்தப் பொண்ணுக்கு ஏழு வயசு. போன வருஷம்தான் சேர்ந்திருக்கா."

தம்பி ரிசீவரைத் தாங்கியில் வைக்கவில்லை, மேசைமேல் வைத்தார். முன்அறைக்குள் போய், பித்தளைப் பொத்தான் பலகையைச் சுவரிலிருந்து பிரித்துத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"இப்போ எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் மனைவி. "ஆளுங்க வர்ற நேரம்."

"வரட்டும்."

பலகை தெருவுக்குப் போயிற்று. கப்பிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார். நாலாவதில் மூச்சு வாங்கியது. மனைவி ஐந்தாவதைத் தூக்கினாள். வடத்தை நர்ஸ் ஒரு முனையும் போதகர் ஒரு முனையுமாகப் பிடித்து இழுத்துப்போனார்கள். மடிப்புக் கதவுகளுக்கு நாலு பேரும் வேண்டியிருந்தது. கதவு இருந்த இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. தம்பி அதன் கொக்கியைத் தட்டித் திறந்தார்.

மனைவி துடைப்பத்தைக் கொண்டுவந்தாள். அவர் கை நீட்டினார், கொடுத்துவிட்டாள். அவர் மூலையிலிருந்து தொடங்கினார். பதினோரு வருஷத் தூசி. கூடத்து மேசையில் ரிசீவர் பாடத்தை முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது நாலைந்து பேர், அப்புறம் ஒரு வகுப்பே சேர்ந்துகொண்டது, எல்லாம் அந்த ஒரே குரல். தம்பி கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பெருக்கினார்.

இதில் ஒரு தகவல் விட்டுப்போயிற்று. அக்கா முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்திய அந்தப் பள்ளிக்கூடம், பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்கானது.