கீழே முடிக்க வேண்டிய வேலைகள்

ஊசியம்மா மூன்றாவது மாடி வளைவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒரு கையில் தையல் டேப், மறு கையில் நாலாய் மடித்த பழைய நாட்காட்டித் தாள். ஏறத் தொடங்கியதிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். இதுவரை ஐம்பத்துநாலு படி. வீடு இருந்தது நாலாவது மாடியில்.

படிக்கட்டை ஒட்டி ஒவ்வொரு மாடியிலும் ஆள் உயரத்துக்கு ஒரு சதுரத் திறப்பு இருந்தது. அதன் மேல் பலகை அடித்து மூடியிருந்தார்கள். லிஃப்ட் வரப்போகும் இடம் என்று கீழே காவல்காரர் சொல்லியிருந்தார். பலகையின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். அடியாழத்தில் சிமெண்ட் மூட்டைக் காகிதங்களும் தேங்கிய தண்ணீரும் தெரிந்தன.

ஆலையில் முப்பத்தோரு வருடம் சாக்குத் தைத்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கணவர் அதே ஆலையில் கொதிகலன் பார்த்தவர். எல்லோருக்கும் அவர் ‘பாய்லர்’. போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். ஆலை கொடுத்திருந்த லைன் வீட்டில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. வாசலில் ஒரே ஒரு படி. அதன் மேல் பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி தெருவுக்கு இறங்கிவிடும். பிறகு ஆலையை மூடினார்கள். லைன் வீடுகளை இடிக்கப்போகிறோம், ஆளுக்கொரு அடுக்குமாடி வீடு தருகிறோம் என்றார்கள். குலுக்கலில் இவர்கள் பெயருக்கு விழுந்தது இந்த நாலாவது மாடி.

காவல்காரர் திறந்துவிட்ட புது வீட்டில் சுண்ணாம்பு வாடை போகவில்லை. அவள் தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தாள். ஜன்னலிலிருந்து சுவர் வரை ஏழு அடி. கட்டில் அங்கே. பீரோ கதவுக்குப் பின்னால். சமையல் மேடைக்குக் கீழே அரிசி டின் போகும், மாவு டின் போகாது. எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டு கடைசியாகக் குளியலறைக் கதவுக்கு வந்தாள். இருபத்துநாலு அங்குலம். நாற்காலியின் அகலம் இருபத்தாறு என்பது அவளுக்கு மனப்பாடம். டேப்பைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை அளந்தாள். டேப் என்ன செய்யும், அதே இருபத்துநாலுதான்.

ஒதுக்கீட்டு அலுவலகத்தில் அது அவளுக்கு மூன்றாவது நடை. குமாஸ்தா அவளைப் பார்த்ததுமே பேனாவை மூடினார்.

“அம்மா, உங்ககிட்ட எத்தனை தடவை சொல்றது? தரைத்தளம் ஒண்ணுகூட காலியில்ல. எல்லாம் ஒதுக்கியாச்சு.”

“சார், நடக்க முடியாத மனுஷன் சார். டாக்டர் சீட்டு கொண்டாந்திருக்கேன்.”

“உடம்புக்கு முடியாதவங்க மனு குடுக்குறதுக்கு போன மாசம் பதினஞ்சாம் தேதி வரைக்கும் நேரம் குடுத்தோமே. நோட்டீஸ் ஒட்டினோமே.”

“அன்னிக்கு நாங்க ஆஸ்பத்திரியில இருந்தோம் சார். அவருக்குத்தான் வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்தாங்க.”

குமாஸ்தா சீட்டை வாங்கிப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. முகம் கொஞ்சம் இளகக்கூடச் செய்தது. சீட்டை அவள் பக்கமே தள்ளி வைத்தார். “நான் எழுதி மேல அனுப்புறேன்மா. ஆனா வியாழக்கிழமைக்குள்ள நீங்க சாவி வாங்கலேன்னா அந்த வீடும் அடுத்த ஆளுக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனமில்ல. பார்த்துக்கோங்க.”

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாய்லரிடம் சொன்னாள். “காத்து நல்லா வரும்ல?” என்றார் அவர்.

“வரும். கொசுகூட அவ்வளவு உயரம் வராதாம், காவல்காரர் சொன்னாரு.”

“வராது. எழுபத்திரண்டு படி ஏறி என்னைக் கடிக்கணும்னு அதுக்கென்ன தலையெழுத்தா?”

வெளியூரில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்த மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஃபோனில்தான் வழி சொன்னாள். “மூணு குவியலாப் போடும்மா. கொண்டு போறது, குடுக்குறது, தூக்கிப் போடுறது. எதையும் கையில வச்சுக்கிட்டு யோசிக்காதே. யோசிச்சா முடியாது.” ஊசியம்மா அப்படியே செய்தாள். ஆட்டுக்கல்லைத் தொட்டதும் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். மகளின் பள்ளிக்கூடப் பெட்டி தூக்கிப் போடும் குவியலுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது. பாத்திரங்களுக்கு இடையே பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினாள். சாக்குகளின் வாயை அவளே தைத்தாள். கோணி ஊசியைப் பிடித்தால் விரல்கள் தாமாகவே ஓடின. ஒவ்வொரு சாக்கின் மேலும் கரித்துண்டால் எழுதினாள்: சமையல், துணி, மருந்து. மருந்துச் சாக்கு மட்டும் கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டாள்.

சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள் காலையில் பாய்லர், “என்னைக் கொஞ்சம் வெளியில தள்ளிட்டுப் போறியா?” என்றார்.

“இன்னிக்கா? தலைக்கு மேல வேலை கிடக்குதுங்க.”

“எனக்கும் தலைக்கு மேலதான் வேலை. முடி வெட்டணும்.”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பலகையைச் சாய்த்து நாற்காலியை இறக்கினாள்.

முடிதிருத்தும் கடைக்காரர் அவர் தலையைத் தடவிப் பார்த்தார். “போன வாரத்துக்கு முந்தின வாரம்தானே வெட்டினேன், அண்ணே? அதுக்குள்ள என்ன அவசரம்?”

“ஒட்ட வெட்டு. ஆறு மாசத்துக்குத் தாங்கணும்.”

“ஆறு மாசத்துக்குத் தாங்குற மாதிரி வெட்டத் தெரிஞ்சா நான் ஏன் கடை வச்சிருக்கேன்?” என்று சிரித்துக்கொண்டே அவர் கத்திரியை எடுத்தார்.

அது முடிந்ததும் வீட்டுக்குத்தான் என்று நினைத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகச் சொன்னார். காதில் மாட்டும் கம்பி தளர்ந்திருக்கிறதாம். கடைக்காரர் திருகி இறுக்கிக் கொடுத்தார். கூடவே பாய்லர் இரண்டு திருகாணிகளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து ஓய்வூதிய அலுவலகம். உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும் என்றார்.

ஜன்னலில் இருந்த பெண், “அது இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுதானே ஐயா? அப்ப வாங்க,” என்றாள்.

“அப்ப வர முடியாதும்மா. இப்பவே பார்த்துக்கோ, உயிரோடதான் இருக்கேன்.”

“இப்பப் பதிஞ்சா கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க ஐயா.”

அவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அந்த ஜன்னலைப் பார்த்திருந்தார். பிறகு போகலாம் என்று தலையசைத்தார்.

ஃபிட்டர் வீட்டுக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. பாய்லரோடு இருபது வருடம் ஒரே ஷிஃப்டில் இருந்தவர். இப்போது கண் தெரியவில்லை. அவரும் பெண்டாட்டியும் நாளை மறுநாள் மகன் ஊருக்குப் போகிறார்கள். பாய்லரும் அவரும் வாசலில் உட்கார்ந்து, எந்த வருடம் வால்வு வெடித்தது என்பதற்காக அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். பாய்லர் ஒரு வருடம் சொன்னார், ஃபிட்டர் இன்னொன்று சொன்னார். கிளம்பும்போது ஃபிட்டர் கையை நீட்டித் துழாவினார். கைக்கு அகப்பட்டது பாய்லரின் வலது கை. உணர்ச்சியில்லாத அந்தக் கையையே பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஆட்டினார். தப்புக் கை என்று பாய்லர் சொல்லவில்லை.

“சரி, நீ சொன்ன வருஷம்தான்,” என்றார்.

திரும்பும் வழியில் செருப்புக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னபோது ஊசியம்மாவுக்குக் கோபம் வந்தது. “என்னங்க இது? இன்னும் கட்டிலைப் பிரிக்கலை, அடுப்பைக் கழட்டலை. நீங்க என்னமோ ஊர்வலம் போற மாதிரி!”

“ஒரு நிமிஷம். உன் காலைக் காட்டு.” கடைக்காரரிடம் திரும்பினார். “இவங்களுக்கு ஒரு ஜோடி குடுங்க. அடியில நல்லா வரி ஓடியிருக்கணும். வழவழன்னு இருந்தா வேணாம்.”

“எனக்கு இது நல்லாத்தானே இருக்கு?”

“தேஞ்சுபோச்சு. படி வழுக்கும். பாலுக்கும் மருந்துக்கும் ஏறி இறங்கப்போறது நீதானே?”

கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். நாற்காலிப் பலகையில் இருந்த கால்களையும் பார்த்தார். வலது செருப்பின் வார் அறுந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. “ஐயாவுக்கும் ஒண்ணு எடுக்கட்டுங்களா?”

“எனக்கு எதுக்குப்பா?” என்றார் பாய்லர் சாதாரணமாக.

ஊசியம்மா குனிந்து செருப்பை மாட்டியவள் நிமிரவில்லை. காலையிலிருந்து போன இடமெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முடி, கண்ணாடி, சான்று, ஃபிட்டர். அவள் மூட்டைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நாட்களில் இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இதற்கெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார். வாரை இறுக்கினாள். இறுக்கியதை அவிழ்த்தாள். மறுபடியும் இறுக்கினாள்.

“கடிக்குதா?” என்று கேட்டார்.

“இல்ல. சரியா இருக்கு,” என்றாள்.

மறுநாள் ஏழு மணிக்கே வண்டி வந்தது. மேஸ்திரியும் மூன்று சுமை தூக்குகிறவர்களும் ஒன்பதுக்குள் ஏற்றி முடித்தார்கள். பெருக்கல் குறி போட்ட சாக்கு அவள் சொன்னபடியே கடைசியாக ஏறியது. அடுக்குமாடியில் பீரோ மூன்றாவது வளைவில் திரும்பாமல் நின்றது. கதவைக் கழற்றிக் கொண்டு போனார்கள். கட்டில் கால்களைக் கழற்றியும் திரும்பவில்லை. மேஸ்திரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “அறுத்துத்தான் ஏத்தணும், அக்கா. இல்லேன்னா கீழேயே விட வேண்டியதுதான்,” என்றார். அவள் அறுக்கச் சொன்னாள். குறுக்கே அறுத்து மேலே பலகை வைத்து ஆணி அடித்துக்கொள்ளலாம். தரையில் படுத்தால் அவரை எழுப்ப அவளால் முடியாது.

எல்லாச் சாமானும் போன பிறகு கீழே மிஞ்சியது பாய்லர்தான். மரநாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அவரை அதில் மாற்றி உட்கார வைத்தார்கள். மேஸ்திரி கயிற்றை எடுத்தார்.

“கயிறு அறுக்கும் தம்பி. துணி போட்டுக் கட்டுங்க,” என்று ஊசியம்மா தன் பழைய சேலையை நீளமாகக் கிழித்துக் கொடுத்தாள். அவர் மார்புக்குக் குறுக்காகவும் தொடைக்கு மேலும் சுற்றி முடிச்சை அவளே போட்டாள்.

நாலு பேர் தூக்கினார்கள். “பீரோவைவிட நீங்க லேசுதான், பெரியவரே,” என்றார் மேஸ்திரி.

“பீரோவுக்குள்ள ஏதாவது இருக்கும். எனக்குள்ள என்ன இருக்கு?”

சிரித்ததில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். மூன்றாவது வளைவில் இளையவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். “அவனை விடுங்க. நல்லா உட்காரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல,” என்றார் பாய்லர். கட்டின நிலையில் அவரால் தலையை மட்டும்தான் திருப்ப முடிந்தது. வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார்.

மேலே ஜன்னலோரம் அவரை இறக்கிய பிறகு மேஸ்திரி கொஞ்சம் தயங்கினார். “எப்பவாவது கீழ வரணும்னா சொல்லியனுப்புங்க பெரியவரே, வந்து தூக்குறோம்.” சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்தார். “நாங்க எந்தத் தெருவுல மூட்டை தூக்கிட்டிருப்போமோ.”

“நீ சொன்னதே போதும்பா,” என்றார் பாய்லர்.

அவர்கள் போன பிறகு குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மருந்து கொடுக்கவும் தண்ணீர் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தரைத்தளத்தில் ஒரு வீட்டின் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுழல, காவல்காரர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தண்ணி மேல ஏற ரெண்டு நாள் ஆகும்மா. மோட்டார் பழுது. இங்க பிடிச்சுக்கோங்க, இங்க நல்லா வருது.”

அவள் உள்ளே போனாள். சுவரில் ஆணி அடித்த அடையாளம்கூட இல்லை. நாலு மூலையும் காலி.

“இது யாரு வீடுங்க?”

“இதுவா? இந்த வரிசையில ஆறும் ஆபீசுக்குன்னு வச்சிருக்காங்க. ஏதோ ஃபைல் எல்லாம் கொண்டாந்து வைக்கப்போறாங்களாம்.”

“எப்ப வருது?”

“கட்டி முடிச்சதுலேருந்து இதோ வருது, இதோ வருதுன்னுதான் சொல்றாங்க.” அவர் ஒரு கவளத்தை உருட்டி அறையின் மூலையை நோக்கிப் போட்டார்.

அங்கே படுத்திருந்த நாய் எழுந்திருக்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டது. பிறகு குளிர்ந்த தரையில் நாலு காலையும் நன்றாக நீட்டி மல்லாந்தது. வாளி நிறைந்து தண்ணீர் அவள் கால் மேல் வழிந்துகொண்டிருந்தது.